மச்சான் மரியாதை கொடுத்த மாதம்

என் மச்சான் தனா என்னை "நீங்க" என்று கூப்பிட்ட நாளில், நான் பிழைக்கப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்கு முந்தின வாரமே ஈரல் நிபுணர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். கல்லீரலில் ஒரு கட்டி, அது புற்றுநோய்தான், சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுவிட்டது, ஊசி வைத்துச் சுட்டுவிடலாம் என்றார். நான் அவரை அரைகுறையாகத்தான் நம்பினேன். டாக்டர்கள் நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள். ஆறுதலும் அவர்கள் தொழிலில் சேர்ந்ததுதான். தனா அப்படியில்லை. அவனுக்கு என்னிடம் பொய் சொல்லத் தெரியாது, மரியாதையும் தெரியாது.

தனா என் மனைவி கோமளாவின் தம்பி. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை காலைக் கழுவுகிற சடங்குக்கு அவன்தான் உட்கார்ந்தான். செம்பைச் சாய்த்துக்கொண்டே, மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, ஒரு செம்பு பத்தாது, தண்ணி லோரிய வரச்சொல்லு" என்றான். அன்று தொடங்கியது இருபத்தைந்து வருஷமாக நிற்கவில்லை. உலு திராமில் எனக்கு ரேடியேட்டர் பட்டறை. ஒழுகுகிற ரேடியேட்டரை அடைப்பது என் பிழைப்பு என்பதால் சுல்தான் டத்தோ பட்டம் கொடுக்கிற மாதிரி, எனக்கு "டத்தோ ஒழுகல்" என்று பட்டம் கொடுத்தவன் அவன். இப்போது வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரில்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

அவன் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலமான காஸ்வேயைத் தாண்டிவிட வேண்டும். சொந்தக் கல்யாணத்துக்கே தயங்கித் தயங்கி லீவு எடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு வேலை நாளில், குளித்து, தலை வாரி, என் வாசலில் நின்று, "மச்சான், நீங்க பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் நான் என்ன நினைப்பது? கோமளாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சட்டென்று அடுப்படிக்குள் போனாள். சரிதான், இவர்களிடம் டாக்டர் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

நம்ம குடும்பங்களில் இது வழக்கம்தானே. நோயாளிக்கு மட்டும் தெரியக்கூடாது. மாமாவுக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ஆ மோய்க்குக்கூடத் தெரியும். நோயாளி மட்டும் படுத்துக்கொண்டு, "எனக்கு வெறும் வாயுதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்தக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எனக்கு இளம் வயதிலிருந்தே ஹெபடைடிஸ் பி என்கிற கிருமி உடம்பில் உண்டு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி ஈரலில் சத்தம் போடாமல் இருக்கும். அது மெல்ல மெல்ல ஈரலைத் தழும்பாக்கும், தழும்பான ஈரலில் புற்று முளைக்கலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பக்கத்து நகரமான ஜேபியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். வயிற்றில் குளிர்ச்சியாகப் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதைச் செய்கிற பெண் எப்போதும் என்னோடு வாயடிப்பாள். இந்த முறை பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள். ஒரே இடத்தை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். வெளியே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தாள். இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால் என் பட்டறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இஞ்சினை இறக்க வேண்டும், காரின் சொந்தக்காரரிடம் யார் சொல்வது என்று இருவரும் யோசிக்கிறார்கள்.

பிறகு சிடி ஸ்கேன். ரத்தத்தில் சாயம் ஏற்றி, ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்து, மூச்சைப் பிடி, விடு என்று இயந்திரம் மலாயில் கட்டளை போட்டது. சாயம் ஏறும்போது அடிவயிற்றில் குபீரென்று ஒரு சூடு பரவும். கால்சட்டையை நனைத்துவிட்டோம் என்றே தோன்றும். நான் நனைக்கவில்லை. இதை இங்கே பதிவு செய்வது அவசியம், ஏனென்றால் தாதியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஈரல் நிபுணர் நிதானமான பெண்மணி. கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அவசரப்படாமல் சொன்னார். நான் அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்காக. அதனால் முதலில் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. கோமளா பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. அறுத்து எடுக்கலாம், ஆனால் கட்டி ஈரலின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அதை எடுக்க நல்ல ஈரலையும் நிறைய வெட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே தழும்பேறிய ஈரல், மிச்சம் இருப்பது உடம்பு என்கிற குடும்பத்தை நடத்தப் போதாமல் போகலாம். அதனால் சுடுவது மேல். தோலின் வழியே ஒரு நீண்ட ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஊசி நுனியில் ரேடியோ அலை மின்சாரத்தை விட்டால் அந்த இடம் சூடேறி வெந்து செத்துப்போகும். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம், வயிற்றைப் பிளக்க வேண்டாம்.

வேகுமா என்று கேட்டேன். அது சில விஷயங்களைப் பொறுத்தது என்றார். என் சந்தேகம் அங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்தது. "பொறுத்தது" என்று நானும் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். அதற்குப் பிறகு வருவது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை.

முதலாவது, அளவு. மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் சூடு ஓரம் வரை நன்றாகப் பிடிக்கும், பெரிதாகப் பெரிதாக விளிம்பில் வேகாமல் தப்புகிற வாய்ப்பு கூடும் என்றார். என்னுடையது அந்த அளவுக்குள் இருந்தது. "நல்லது" என்றார். இரண்டாவது, எண்ணிக்கை. ஒன்றே ஒன்று. "நல்லது." மூன்றாவது, மீதி ஈரலின் பலம். கண் மஞ்சளாகவில்லை, வயிற்றில் நீர் சேரவில்லை, ரத்தம் உறைகிற வேகம் பரவாயில்லை. மூன்று தரம் உண்டாம், நான் முதல் தரமாம். "நல்லது." பள்ளிக்கூடத்தில் கிடைக்காத முதல் தரம். அவர் ஒவ்வொரு முறை நல்லது என்னும்போதும் எனக்கு வியர்த்தது. மூன்று நல்லதுக்குப் பின்னால் ஒரு ஆனால் ஒளிந்திருக்கிறது என்று அடித்துச் சொல்வேன்.

ஒளிந்திருந்தது. நான்காவது, இடம். திரையில் கட்டியை ஒட்டியே ஒரு கனத்த கோடு ஓடியது. பெரிய ரத்தநாளம். அதில் ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், ஊசி கொடுக்கிற சூட்டை அது எடுத்துக்கொண்டு போய்விடும். நாளத்தை ஒட்டிய பக்கம் மட்டும் சரியாக வேகாமல் தங்கிவிடலாம். தங்கினால் அங்கிருந்து திரும்ப முளைக்கும்.

எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக நான் விற்பது அதைத்தானே. சூடான இடத்தை ஒட்டித் தண்ணீர் ஓடினால் சூடு நிற்காது. அதற்குப் பெயர்தான் ரேடியேட்டர். ஊரில் எத்தனையோ பேருக்கு அது ஒழுகாமல், அடைக்காமல், ஜோராக ஓடப் பாடுபட்டவன் நான். என் உடம்புக்குள்ளேயே ஒன்று நம்பர் ஒன் கண்டிஷனில் ஓடி, எனக்கே உலை வைக்கும் என்று யார் கண்டது?

"டாக்டர், இஞ்சின் ஓடிக்கிட்டிருந்தா அது ஆறத்தான் செய்யும். ஆஃப் பண்ணிட்டுச் சுட முடியாதா?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "அந்த வாட்டர் பம்ப் உங்கள் இதயம். அதை ஓடவிடுவோம்" என்றார்.

அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். நாளத்தின் பக்கம் ஊசியை நெருக்கி இன்னொரு முறை செலுத்தி, இரண்டு சூடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரிச் சுடுவார்கள். கட்டியோடு நிற்காமல், அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல ஈரலையும் சேர்த்து வேக வைப்பார்கள். வடையைச் சுற்றி மொறுமொறுப்பு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அந்தச் சுற்று எல்லாப் பக்கமும் விழுந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது உறுதியாகத் தெரிய ஒரு மாதம் கழித்து இன்னொரு சிடி எடுக்க வேண்டும்.

வெளியே வந்து, கேன்டீனில் காப்பி ஓ கொசோங் வாங்கிக் கொடுத்த கோமளா, "அதான் எல்லாம் நல்லதுன்னு சொன்னாங்களே" என்றாள். சர்க்கரை இல்லாத காப்பியை வாங்கிக் கொடுத்துவிட்டு நல்லதைப் பற்றிப் பேசுகிறாள்.

அடுத்த சில நாட்களில்தான் தனாவின் "நீங்க" வந்தது. நான் உடனே நம்பிவிடவில்லை. சந்தேகத்தையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அழுத்தம் ஏற்றிப் பார்க்காமல் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று சொல்லக்கூடாது. அதனால் அவனுக்குத் தூண்டில் போட ஆரம்பித்தேன்.

முதல் தூண்டிலை ஊரே போட்டுக்கொடுத்தது. கல்லீரல் என்றதும், நான் ரகசியக் குடிகாரன் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. நான் பியர் குடித்தால் தும்முகிறவன். கோயில் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என் காதுபடவே, "ஆளு அமைதியா இருந்தாரு, உள்ளுக்குள்ள ஓட்டிட்டு இருந்திருக்காரு" என்றார். பழைய தனாவாக இருந்தால் இந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் விளையாடியிருப்பான். இந்தத் தனா இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "மச்சான் அந்த மாதிரி ஆளு இல்லீங்க. கிருமியால வந்தது. அவர் ரொம்ப ஒழுக்கமானவரு" என்றான். எனக்குச் சாம்பார் தொண்டையில் நின்றது. ஒழுக்கமானவர் என்று ஒரு மனிதனை எப்போது சொல்வார்கள்? பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால்தான்.

இரண்டாவது தூண்டிலுக்காக, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேனைப் பின்னால் எடுத்து, பின்சக்கரத்தை லோங்காங்கில் இறக்கினேன். தெரிந்தே சாக்கடையில் விட்ட முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். தனா வந்து குனிந்து பார்த்தான். உதடு இரண்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான். பிறகு, "பரவால்ல மச்சான், யாருக்கும் நடக்கும்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அழுகிறான் என்று நினைத்தேன்.

மூன்றாவது, கரோக்கே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மைக்கைப் பிடித்து, தெருவில் நாய் எழுந்து போகிற அளவுக்கு ஒரு காதல் பாட்டைப் பாடினேன். தனா கைதட்டினான். அதற்கும் வெளியே போய்விட்டு வந்தான். அன்று இரவு கோமளா, கேட்காமலேயே எனக்கு மீன் தலையை வைத்தாள். எங்கள் வீட்டில் மீன் தலை அவளுடையது. பினாங்கில் படிக்கிற மகள் போனில் பத்து நிமிஷம் சிரித்த முகம் மாறாமல் பேசினாள், கடைசியில் காசும் கேட்கவில்லை. எல்லாச் சாட்சியும் ஒரே பக்கம் நின்றது.

சுடுவதற்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய். யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருக்கு இது இரண்டாவது தடவை. முதலில் சுட்டது வேகாமல் திரும்ப வந்துவிட்டதா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அது செத்துப்போச்சு தம்பி, சுத்தமா செத்துப்போச்சு. இது வேற, அந்தப் பக்கம் புதுசா வந்திருக்கு. கரையான் புத்தை இடிச்சாச்சு, ஆனா வீடு அதே பழைய மர வீடுதானே?" என்றார். சொல்லிவிட்டு என் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து, "இந்தக் குழம்பை என் கடையில ஊத்தினா என் மேல கேஸ் போடுவாங்க" என்றார்.

பாய் சொன்னது பயமுறுத்தியதா, தைரியம் கொடுத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. சுட்ட இடம் தீர்ந்தாலும் ஈரல் அதே ஈரல்தான். தழும்பில் வேறு இடத்தில் புதிது முளைக்கலாம். அதனால்தான் கிருமிக்கு மாத்திரை, அதனால்தான் ஆயுள் முழுக்கப் பரிசோதனை. இதை டாக்டரும் சொல்லியிருந்தார். நான்தான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

நான் பாயிடம், உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் உங்கள் மச்சான் மாறினாரா என்று கேட்டேன். "எவன், என் மச்சானா? நான் எந்த ஆஸ்பத்திரின்னு அவனுக்குத் தெரியுமோ என்னமோ" என்றார். அவர் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஆள் நிச்சயம் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

காலையில் ஊசி போடப்போகிற டாக்டர் வந்தார். இளைஞர். எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். செய்கிற கையைப் பொறுத்தும் பலன் மாறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கோமளா என் விலாவில் இடித்தாள். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். என் பட்டறைக்கு வந்த லோரிகளின் எண்ணிக்கைக்குக் கிட்ட வராது, ஆனாலும் எனக்குத் திருப்தி. பிறகு என் பெயர் என்ன, அடையாள அட்டையின் ஐசி நம்பர் என்ன, எந்த உறுப்பு என்று அவரும் கேட்டார். ஏற்கெனவே மூன்று தாதிகள் கேட்டாயிற்று. இவர்களுக்கே யாரைச் சுடப்போகிறோம் என்று சந்தேகம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, ஆள் மாறினால் நல்லதுதானே என்பதுதான்.

அடுத்து, ஆஸ்பத்திரி அங்கி. முன்பக்கம் கண்ணியமாக இருக்கும். பின்பக்கம் இரண்டு நாடா மட்டும். மீதி நம்பிக்கைதான். நான் நாடாவைத் தேடித் தேடிக் கிடைக்காமல் கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது தனா உள்ளே வந்தான். என் முதுகுப்பக்கத்தை முழுமையாகப் பார்த்தான். மனித குலத்தில் எந்த மச்சானுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்காது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லுடா, சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு, நான் பிழைத்துக்கொள்கிறேன்.

அவனோ கதவைச் சாத்தினான். பின்னால் வந்து இரண்டு நாடாவையும் பிடித்து, பத்திரமாக முடிச்சுப் போட்டான். கண்ணாடி ஜன்னலில் பார்த்தேன், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"தனா, கோமளாவைப் பார்த்துக்கோ" என்றேன்.

"சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

உள்ளே தொடை இரண்டிலும் அகலமான ஒட்டுத்தாள் போல எதையோ ஒட்டினார்கள். ஊசி வழியாகப் போகிற மின்சாரம் அதன் வழியாகத் திரும்பி வெளியேறும். எர்த் கொடுக்கிறார்கள் என்று புரிந்ததும் கொஞ்சம் நிம்மதி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்களாம். நாளத்துப் பக்கம், நாளத்துப் பக்கம் என்று இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். மயக்க மருந்து டாக்டர், ஏதாவது நல்லதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்தது வேன் லோங்காங்கில் நின்ற காட்சி.

விழித்தபோது வலது தோள்பட்டை வலித்தது. ஈரலில் சுட்டுவிட்டுத் தோளில் ஏன் வலிக்க வேண்டும்? மாற்றிச் சுட்டுவிட்டார்கள் என்றேன். ஈரலுக்கு மேலே இருக்கிற உதரவிதானமும் தோளும் ஒரே நரம்புப் பாதையில் இருப்பதால், கீழே எரிச்சல் பட்டால் மேலே வலி கேட்குமாம். வயரிங் கோளாறு. அடுத்து வீட்டில் சில நாள் காய்ச்சல். வெந்து செத்ததை உடம்பு துப்புரவு செய்கிறது, கடுமையாகிவிட்டால் மட்டும் வாருங்கள் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோமளா கஞ்சியும் கையுமாக, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாலும் இருமினாலும் விலாவுக்குள் யாரோ கிள்ளுவது போல இருந்தது. சிரிக்க ஒன்றும் நடக்கவும் இல்லை. தனா வேலை முடிந்து, காஸ்வே நெரிசலில் வெந்து வருவான். கடையில் கட்டி வாங்கிய தாபாவ் பொட்டலத்தை மேசையில் வைப்பான். "உடம்பைப் பார்த்துக்குங்க மச்சான்" என்பான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பான், பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

அந்த மாதம் முழுக்க எனக்குள்ளே ஒரே கேள்விதான். நாளத்தை ஒட்டி ஒரு நூல் அளவாவது வேகாமல் கிடக்கிறதா? பட்டறையில் ஒரு லோரியின் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக ஓடிய பக்கம் கை வைக்கிற சூட்டில்தான் இருந்தது. உதவிக்கு இருந்த பங்களாதேஷ்காரர், முதலாளியான என்னைப் பார்த்து, "தௌகே, ஓகே?" என்றார். ரேடியேட்டர் ஓகே, தௌகேதான் என்ன என்று தெரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கோமளாவிடம், டாக்டர் உன்னிடம் தனியாக என்ன சொன்னார் என்று நேரடியாகக் கேட்டேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு ஈரலைவிடச் சந்தேகம்தான் பெரிசா வீங்கிக் கிடக்கு."

"அப்ப உன் தம்பி ஏன் இப்படி இருக்கான்?"

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "அவன்கிட்டயே கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சிடி எடுத்து, முடிவுக்கு வரச்சொன்ன நாளில் தனா மறுபடியும் லீவு எடுத்துக்கொண்டு வந்தான். நாங்கள் மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். கேலி செய்ய யாரும் இல்லாததால் என்னை நானே செய்துகொள்ளப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

ஈரல் நிபுணர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சாயம் ஏற்றும்போது உயிருள்ள கட்டி பளிச்சென்று தெரியும், வெந்து செத்த இடம் கறுப்பாகவே கிடக்கும். பழைய படத்தில் பளிச்சென்று இருந்த இடத்தில் இப்போது அதைவிடப் பெரிதாக ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் எங்கேயும் வெளிச்சம் இல்லை. நாளத்துப் பக்கம் வந்ததும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அங்கேயும் கறுப்புதான். கட்டி இருந்த இடம் முழுக்கப் போயிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் மட்டும், கூடுதலாக வெந்திருக்க வேண்டிய நல்ல ஈரலின் சுற்று ஒல்லியாக விழுந்திருக்கிறது, அதனால் அந்த இடத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தனா எழுந்து நின்றான்.

"டாக்டர், ஒரே ஒரு வார்த்தை. பெர்சே, தாக்?" என்றான். சுத்தமா, இல்லையா?

டாக்டர் அவனைப் பார்த்து, இன்றைய படத்தில் மிச்சம் எதுவும் தெரியவில்லை என்றார்.

"அது சரி டாக்டர். சுத்தம்னு சொல்லுங்க."

"தனா, உட்காரு" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மச்சான். டாக்டர், ப்ளீஸ். நீங்க உங்க வாயால அந்த வார்த்தையைச் சொல்லணும். நான் சாமிகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

டாக்டர் கோமளாவைப் பார்த்தார். கோமளா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள்தான் டாக்டருக்கும் புரிகிற மாதிரி மலாயில் சொன்னாள். நோய் என்று தெரிந்த மறுநாளே தனா முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறான். மச்சானுக்குச் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் வாயால் சொல்கிற வரைக்கும், தனக்கு ரொம்பப் பிடித்ததை விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டானாம். கறி, மீன் சாப்பிடுவதை விடலாம் என்று அவன் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள். கோழிப் பெரட்டலை விட்டால் சாமி சிரிக்கும், எனக்கு அதைவிடப் பிடித்தது எது என்று சாமிக்கே தெரியும் என்றிருக்கிறான். அதனால் என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டான். வெளியே சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்று பெண்டாட்டியைத் தவிர அக்காவிடம் மட்டும் சொல்லி, அவளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

எனக்கு லோங்காங் ஞாபகம் வந்தது. "அப்ப நீ வெளியே போய் நின்னது?"

"சிரிச்சிட்டு வருவேன்" என்றான் தனா தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு அந்த அங்கியில உங்களைப் பார்த்துட்டு, படிக்கட்டுல உக்காந்து சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரை ஏறிடிச்சு. ஒரு தாதி வந்து தண்ணி குடுத்து, கவலைப்படாதீங்கன்னாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குச் சந்தேகம். பிறகு தனாவிடம் மெதுவாகச் சொன்னார். "இன்றைக்குச் சுத்தம். இதை என்னால் சொல்ல முடியும். எப்போதைக்கும் சுத்தம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்."

தனா திரும்பவும் உட்கார்ந்தான். முகம் செத்துவிட்டது. "இன்னைக்குன்னுதானே சொல்றாங்க" என்றான் அக்காவிடம். "முழுசா சொல்லலியே. சாமி ஒத்துக்குமா?"

இத்தனை நாள் எனக்கு இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. டாக்டர்கள் ஒருநாளும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் இவன் ஆயுள் முழுக்க என்னை "நீங்க" என்று கூப்பிடுவான். நான் பிழைத்திருந்தும், ஒழுக்கமானவர் என்று பெயரெடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கம் செய்யப்படுவேன். அந்த அறையில் எனக்கு எதன் மேல் ஆசை என்று தெரிந்துவிட்டது.

"இங்க பாரு தனா" என்றேன், டாக்டருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே. "ரோட் டேக்ஸ் எடுக்கிற இல்ல? ஆயுள் முழுக்கவா கொடுக்கிறான்? காலம் வெச்சுத்தான் கொடுக்கிறான். அந்தக் காலம் முடியிற வரைக்கும் வண்டி ரோட்டுல ஓடலாம், எந்தப் போலீசும் கேட்க முடியாது. டாக்டர் இன்னைக்குச் சுத்தம்னு சொல்லிட்டாங்க. மூணு மாசத்துக்குச் செல்லும். அப்புறம் மறுபடி எடுத்துக்கலாம்."

தனா யோசித்தான். கோமளாவைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். டாக்டர், தனக்கு மதம் தெரியாது, ஆனால் மருத்துவப்படி அது சரியான விளக்கம் என்றார்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். மின்தூக்கிக் கதவு மூடியதும் தனா கைகூப்பினான். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு கண்ணைத் திறந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

"யோவ், டத்தோ ஒழுகல்" என்றான்.

கோமளா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முதல்ல அந்தச் சாக்கடைய முடிச்சிருவோம். அவ்வளவு பெரிய ரோட்டுல, வேற இடமே கெடைக்கலியா உனக்கு? அப்புறம் அந்தப் பாட்டு. எதிர்வீட்டுச் சீனன் நாயக் கூட்டிக்கிட்டு குடி மாறலாமான்னு என்கிட்ட கேட்டான்யா. அதுக்கப்புறம் இருக்கு, அந்த அங்கி. அதுக்குத் தனியா ஒரு நாள் லீவு போட்டுட்டு வரேன்."

கார் நிறுத்துகிற இடம் வரை நிறுத்தவில்லை. ஒன்று விடாமல், வரிசை மாறாமல், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தான். எனக்கு ஊசி போன இடத்தில் சுளீர் சுளீர் என்று இழுத்தது. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன்.

"மெதுவாச் சொல்லுடா" என்றேன். "மூணு மாசம் இருக்கு."